முகம் வெறும் மேலாடையா?

நம் பங்குகளில் பன்முறை கேட்கும் ஆறுதல் மொழி ஒன்று உண்டு. தீயினால் முகம் சிதைந்த பெண்ணின் கட்டிலருகே நின்றும், அம்மைத் தழும்பினால் கூனிக் குறுகும் இளைஞனின் தோளைத் தட்டியும், நிறத்தைக் காரணம் காட்டி மாப்பிள்ளை வீட்டார் திரும்பிப்போன இல்லத்தின் திண்ணையில் அமர்ந்தும் நாம் அதைச் சொல்கிறோம்: "முகத்தில் என்ன இருக்கிறது? உள்ளமன்றோ முதன்மை? கடவுள் ஆன்மாவைத்தானே பார்க்கிறார்!" சொல்லி முடித்ததும், நற்செயல் ஒன்றைச் செய்துவிட்ட நிறைவோடு வீடு திரும்புகிறோம்.

இம்மொழியை மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அது இரக்கத்தின் ஆடை உடுத்தி வருகிறது. எனினும் அதனுள் நீதி இல்லை. அது பக்தியின் குரலில் பேசுகிறது. எனினும் அது கத்தோலிக்க விசுவாசம் அன்று.

முதலில் ஒன்றைக் கவனிப்போம். இவ்வாறுதல் எல்லார்க்கும் வழங்கப்படுவதில்லை. திருமண நாளன்று மாலையும் கையுமாய்ப் பீடத்தின் முன் நிற்கும் எழில்மிகு மணமகளிடம் சென்று, "முகத்தில் என்ன இருக்கிறது?" என்று எவரும் கேட்பதில்லை. அழகுடையோரிடம் முகத்தைப் போற்றிவிட்டு, அதை இழந்தோரிடம் மட்டும் முகம் பொருளற்றது என்று போதிப்பது எவ்வகை ஞானம்? செல்வம் நிலையற்றது என்னும் மறையுரையைச் செல்வரிடம் நிகழ்த்தாமல், குடிசை எரிந்து தெருவில் நிற்பவனிடம் மட்டும் நிகழ்த்துவது போன்றதன்றோ இது?

இதே நாவினால்தான் "அகத்தின் அழகு முகத்தில் தெரியும்" என்னும் பழமொழியையும் நாம் வழங்குகிறோம். முகம் ஒன்றுமில்லை எனில் அகம் அதில் தெரிவது எங்ஙனம்? அகம் முகத்தில்தான் தெரியும் எனில், முகம் எரிக்கப்பட்டவரின் அகத்தை எங்கே காண்பது? இரண்டு படிக்கற்களை ஒரே பையில் வைத்துக்கொண்டு, எதிரே நிற்கும் ஆளுக்குத் தக்கபடி ஒன்றை எடுத்துத் தராசில் வைக்கிறோம். விவிலியம் வெறுக்கும் கள்ள நிறை இதுவே.

காரைக்கால் கண்ட இரு பெண்கள்

விழிதியூரில் வாழும் நமக்கு இவ்வினா வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. நிரவிக் கொம்யூனைச் சேர்ந்த இவ்வூரார்க்குக் கடைவீதியும், மருத்துவமனையும், நெடும்பயணப் பேருந்தும் காரைக்கால் நகரிலேயே. அந்நகர் முகம் இழந்த பெண்கள் இருவரை நம் நினைவில் நிறுத்தியிருக்கிறது. ஒருவர் ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டினர் என அறிஞர் கருதும் காரைக்கால் அம்மையார். மற்றவர் 2012ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் அமில வீச்சுக்கு ஆளான வினோதினி.

ஆனித் திங்கள் முழுநிலவையொட்டி நடைபெறும் மாங்கனித் திருவிழாவின்போது, வீதியின் இரு மருங்கிலும் மாடிகளினின்று மாங்கனிகள் வாரி இறைக்கப்படுவதை நம்முள் பலர் சிறுவயது முதலே கண்டு வருகிறோம். நாம் அச்சமயத்தினர் அல்லோம். எனினும் பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமாக உள்ள எதனையும் திருச்சபை புறந்தள்ளுவதில்லை என்று 1965ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குக் கற்பித்தது. ஆகவே அயலாரின் அடியவர் ஒருவரின் வாழ்வை மதிப்போடு எண்ணிப் பார்ப்பதில் நமக்குத் தடையில்லை.

சேக்கிழார் தரும் வரலாறு இது. காரைக்கால் வணிகர் தனதத்தரின் மகள் புனிதவதி, பரமதத்தனை மணந்து இல்லறம் நடத்துகிறார். மாங்கனி ஒன்றின் வழியே மனைவியின் தெய்வ ஆற்றலைக் கண்டு அஞ்சிய கணவன், கடல் வணிகம் செய்யச் சென்றவன் திரும்பி வராமல், பாண்டி நாட்டில் வேறொருத்தியை மணந்து வாழ்கிறான். சுற்றத்தார் புனிதவதியை அங்கே அழைத்துச் சென்றபோது, அவன் புது மனைவியோடும் மகளோடும் அவர் காலில் விழுகிறான். கணவனுக்காகத் தாங்கியிருந்த தசைப்பொதியை இனிச் சுமக்க வேண்டா என்று புனிதவதி இறைவனிடம் வேண்டுகிறார். எலும்புருவான பேய் வடிவைப் பெறுகிறார். கயிலை மலையைத் தலையால் நடந்து ஏறுகிறார். இறைவனோ அவரை 'அம்மை' என்று விளிக்கிறார். கண்டவர் அஞ்சி ஓடிய அந்த வடிவமே சோழர் காலச் செப்புத் திருமேனிகளில் கையில் தாளத்துடன் இன்றும் அமர்ந்திருக்கிறது. நாயன்மார் வரிசையில் மற்றையோர் நிற்க, அவர் ஒருவரே அமர்ந்திருப்பது வழக்கம்.

இனி இரண்டாம் வரலாறு. வினோதினிக்கு அப்போது வயது 23. பொறியியல் படித்துச் சென்னையில் தனியார் நிறுவனம் ஒன்றில் பணியாற்றியவர். 2012ஆம் ஆண்டுத் தீபாவளிக்காகக் காரைக்காலுக்கு வந்தார். பண்டிகைக்கு மறுநாள், நவம்பர் 14ஆம் நாள் இரவு, சென்னைக்குத் திரும்புவதற்காகத் தந்தையோடு பேருந்துக்குச் சென்றுகொண்டிருந்தபோது, அவரால் மறுக்கப்பட்ட ஒருவன் அவர்மேல் அமிலத்தை வீசினான். முகம் எரிந்தது, இரு கண்களும் பார்வை இழந்தன. ஏறத்தாழ மூன்று மாதங்கள் சென்னை மருத்துவமனைகளில் போராடியபின், 2013 பிப்ரவரி 12ஆம் நாள் அவர் இறந்தார். அவ்வாண்டு ஆகஸ்டுத் திங்களில் குற்றவாளிக்குக் காரைக்கால் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது.

ஒரே ஊர், இரு பெண்கள், இருவரும் தத்தம் முகத்தை இழந்தனர். ஆயின் இவ்விரு இழப்புகளுக்கும் இடையே கடலளவு தொலைவு உண்டு. புனிதவதி தாமே கொடுத்தார், வினோதினியிடமிருந்து பறிக்கப்பட்டது. முன்னது துறவு, பின்னது கொள்ளை.

இறைவன் தம்மை அறிந்தால் போதும், அறியாத உலகத்தார்க்குத் தாம் எவ்வுருவில் தோன்றினால் என்ன என்னும் கருத்தில் அம்மையார் பேசுவதாகச் சேக்கிழார் பாடுகிறார். இக்கருத்து அம்மையாரின் வாயினின்று வரும்போது வீரம். அதையே நாம், முகம் பறிக்கப்பட்ட ஒருவரின் கட்டிலருகே நின்று, அவர் சார்பில் சொல்லும்போது கொடுமை. 'எனக்கு என் முகம் வேண்டா' என்று சொல்லும் உரிமை உலகில் ஒருவருக்கே உண்டு. அம்முகத்தை உடையவர்க்கே உண்டு. கொள்ளைபோனதற்குத் துறவு என்று பெயரிடுவோர், தாம் அறியாமலேயே கொள்ளையனுக்குக் கணக்குத் தீர்த்துக் கொடுக்கின்றனர். "முகம் பெரிதன்று" என்பது உண்மையானால், அவன் செய்த குற்றமும் பெரிதன்று என்றாகிவிடுமே! இதையா நாம் சொல்ல விரும்புகிறோம்?

உடலின்றி 'நான்' உண்டோ?

நம் விசுவாசம் இதைப்பற்றிக் கற்பிப்பது என்ன? திருச்சபை தன் பிள்ளைப் பருவத்திலேயே எதிர்த்து நின்ற முதல் தவறுகளுள் ஒன்று தோற்றவாதம். கிறிஸ்து உண்மையான உடலை எடுக்கவில்லை, உடலுடையவர்போல் தோன்றினார் அவ்வளவே என்பது அக்கொள்கை. உடல் இழிந்தது, ஆவி ஒன்றே உயர்ந்தது என்னும் எண்ணமே அதன் வேர். இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைச்சாட்சியாக இறந்த அந்தியோக்கியா நகர் ஆயர் புனித இஞ்ஞாசியார், தம் மடல்களில் இக்கொள்கையைக் கடுமையாகச் சாடினார். இறைமகன் உண்மையாகவே பிறந்தார், உண்மையாகவே உண்டார், உண்மையாகவே அறையப்பட்டார் என்பதில் அவர் அணுவளவும் விட்டுக்கொடுக்கவில்லை. கடவுள் ஒரு முகத்தை எடுத்தார். அன்னை மரியாவின் சாயல் அம்முகத்தில் இருந்திருக்க வேண்டும். 787ஆம் ஆண்டு இரண்டாம் நிக்கேயா சங்கம் திருவுருவங்களுக்கு வணக்கம் செலுத்துவதை ஏற்றதற்கும் இதுவே அடிப்படை: முகம் எடுத்த கடவுளையே முகமாக வரைய இயலும்.

மனிதன் உடலுக்குள் குடியிருக்கும் ஆன்மா மட்டுமே என்றும் நம் மறை கற்பிப்பதில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டின் புனித அக்குவினா தோமா, கொரிந்தியர்க்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் விளக்கவுரையில், ஆன்மா மனிதனின் ஒரு பகுதியே, ஆன்மா மட்டும் தனித்து மீட்படையுமானால் 'நான்' மீட்படைந்ததாகாது என்ற பொருள்படக் கற்பித்தார். ஞாயிறுதோறும் நம் விசுவாச அறிக்கையில் நாம் எதிர்நோக்குவது ஆன்மாவின் விடுதலையை மட்டுமன்று. இறந்தோர் உடலோடு உயிர்த்தெழுவதை. இதைத் திருப்பலியில் அறிக்கையிட்டுவிட்டு, வெளியே வந்து உடல் வெறும் சட்டை என்று பேசுவோமாயின், நாம் அறிக்கையிட்டதன் பொருளை நாமே அறியவில்லை என்றுதானே ஆகும்?

உயிர்த்த ஆண்டவரைப் பற்றி நற்செய்திகள் கூறுவன இங்கே ஆழ்ந்து நோக்கத்தக்கவை. மகதலா மரியா அவரைத் தோட்டக்காரர் என்று நினைத்தார். பெயர் சொல்லி அழைத்தபோதே அறிந்துகொண்டார். எம்மாவு வழியில் சென்ற சீடர்கள் நெடுந்தொலைவு உடன் நடந்தும் அறியவில்லை. அப்பத்தைப் பிட்கையில் கண்டுகொண்டனர். திபேரியக் கடற்கரையில் நின்றவரை வலையின் மீன்களைக் கொண்டு அடையாளம் கண்டனர். தோற்றம் ஒன்றே அடையாளம் அன்று என்பது இவற்றால் விளங்கும். அழைக்கும் குரலிலும், பழகிய கையசைவிலும், பகிர்ந்த உணவிலும் ஒருவர் தம்மை வெளிப்படுத்துகிறார். முகம் சிதைந்தவரும் தம் குரலாலும் செயலாலும் முழுமையாக அவரே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆயினும் நற்செய்தி அத்துடன் நிற்கவில்லை. உயிர்த்தவர் தோமாவுக்குக் காட்டியவை தம் காயங்கள். மகிமையடைந்த உடலில் அவற்றை அழித்துவிட இறைவனால் இயலாதா? அவை அழிக்கப்படவில்லை, மறைக்கப்படவும் இல்லை. மறைச்சாட்சிகளின் காயத் தழும்புகள் விண்ணகத்திலும் அவர்தம் உடல்களில் காணப்படலாம், அவை அங்கே குறையாக அன்றி மாண்பாகவே விளங்கும் என்று புனித அகுஸ்தீனார் 'கடவுளின் நகர்' நூலின் இருபத்திரண்டாம் பகுதியில் எழுதினார். உடலில் நேர்ந்தது உண்மையாகவே அந்த ஆளுக்கு நேர்ந்தது. அது அவர் வரலாறு. இறைவனும் அதைத் துடைத்தெறிவதில்லை. இதுவே நம் விசுவாசம். "முகத்தில் என்ன இருக்கிறது?" என்பது இவ்விசுவாசத்திற்கு அயலான குரல்.

சாமுவேலை யாருக்குச் சொல்வது?

"விவிலியமே வேறுவிதமாகச் சொல்கிறதே! மனிதர் முகத்தைப் பார்க்கின்றனர், ஆண்டவரோ அகத்தைப் பார்க்கிறார் என்று சாமுவேலுக்குச் சொல்லப்படவில்லையா?" என்று சிலர் கேட்கலாம். சொல்லப்பட்டது உண்மை. ஆயின் யாருக்குச் சொல்லப்பட்டது என்பதை நோக்குவோம். ஈசாயின் மூத்த மகன் எலியாபின் உயரத்தையும் தோற்றத்தையும் கண்டு மயங்கிய சாமுவேலுக்கு, ஆளைத் தெரிந்தெடுக்கும் அதிகாரம் பெற்றவருக்கு, அது எச்சரிக்கையாகச் சொல்லப்பட்டது. ஒதுக்கப்பட்டவனுக்கு ஆறுதலாகச் சொல்லப்படவில்லை. அதே அதிகாரத்தில் சில வரிகள் கடந்ததும், வயல்வெளியிலிருந்து அழைத்துவரப்பட்ட தாவீதின் சிவந்த மேனியையும் அழகிய கண்களையும் விவிலியம் மறைக்காமல் குறிப்பிடுகிறது. முகத்தின்மேல் அதற்குப் பகை இல்லை. முகத்தை வைத்து ஆளை எடைபோடும் கண்ணின்மேல்தான் பகை.

எசாயா காட்டும் துன்புறும் ஊழியனையும் எண்ணுவோம். அவரிடம் கவர்ச்சியான தோற்றம் இல்லை. கண்டோர் தம் முகத்தை மறைத்துக்கொண்டனர். அப்பகுதியில் குற்றவாளிக் கூண்டில் நிற்பது சிதைந்த முகமன்று, திரும்பிக்கொண்ட முகங்களே. ஆகவே, "ஆண்டவர் அகத்தைப் பார்க்கிறார்" என்னும் சொல்லை நாம் எடுத்துச் செல்ல வேண்டிய இடம் மருத்துவமனைக் கட்டில் அன்று. பெண் பார்க்கச் செல்லும் மாப்பிள்ளை வீட்டாரிடமும், நேர்முகத் தேர்வு நடத்தும் மேலாளரிடமும் அதை எடுத்துச் செல்வோம். அங்கே சொல்லத் துணிகிறோமா?

விலை வைத்த கண்

துணிவதில்லை, ஏனெனில் அக்கண் நம்முடையதே. நம் திருமணப் பேச்சுகளில் 'நல்ல நிறம்', 'மாநிறம்', 'லட்சணமான பெண்' என்னும் சொற்கள் எவ்வளவு இயல்பாகப் புழங்குகின்றன! திருமுழுக்குச் சான்றிதழையும் நிழற்படத்தையும் சேர்த்துக் கொடுக்கிறோம். முடிவு செய்வதோ நிழற்படம். 1975ஆம் ஆண்டில் இந்தியச் சந்தைக்கு வந்த 'பேர் அண்ட் லவ்லி' என்னும் முகப்பூச்சு, உலகெங்கும் எழுந்த கண்டனங்களின் பின் 2020 ஜூலையில் 'குளோ அண்ட் லவ்லி' எனப் பெயர் மாற்றிக்கொண்டது. பெயர் மாறிற்று, வாங்குவோரின் ஆசை மாறவில்லை. 2023ஆம் ஆண்டில் கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில், வெண்மை தருவதாகச் சொல்லி விற்கப்பட்ட முகப்பூச்சுகளைப் பூசியவர்களுக்குச் சிறுநீரக நோய் கண்டறியப்பட்டது. அப்பூச்சுகளில் கலந்திருந்த பாதரசமே காரணம் என்றனர் மருத்துவர்கள். நிறத்திற்காக நம் பெண்கள் நஞ்சைப் பூசிக்கொள்கின்றனர் எனில், அதைப் பூசச் சொன்னது எவரது கண்?

இனிமைமிகு பாடலின் தொடக்கத்தில் மணமகள் தன் கருநிறத்தையும் தன் எழிலையும் ஒரே மூச்சில் அறிவிக்கிறாள். எபிரேய மூலத்தில் அவ்விரண்டையும் இணைக்கும் எழுத்தை 'உம்' என்றும் கொள்ளலாம், 'ஆயினும்' என்றும் கொள்ளலாம். பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பு 'உம்' என்றே கொண்டது. புனித எரோணிமுசின் இலத்தீன் மொழிபெயர்ப்போ 'ஆயினும்' என்று கொண்டது. கருமையும் எழிலும் என்பதற்கும், கருமையாயினும் எழில் என்பதற்கும் இடையே நூற்றாண்டுகளின் சுமை கிடக்கிறது. "பெண் கறுப்பு, ஆனால் களையான முகம்" என்று நம் வீடுகளில் பேசும்போது அந்த 'ஆனால்' இன்றும் உயிரோடு இருக்கிறது. கதிரவன் காயும் டெல்டாக் கரையில் பிறந்த நமக்கு, வயலிலும் உப்பங்காற்றிலும் உழைத்துக் கறுத்த தாய்மாரின் மக்களாகிய நமக்கு, இந்த 'ஆனால்' எதற்கு?

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்லியாக வேண்டும். அமிலம் வீசியவன் முகத்தை ஏன் தேர்ந்தான்? பெண்ணின் விலை அவள் முகத்தில் எழுதப்பட்டிருக்கிறது, அதை அழித்துவிட்டால் அவளை எவரும் ஏற்கமாட்டார் என்று அவன் கணக்கிட்டான். அக்கணக்கை அவன் காட்டில் கற்றானில்லை. நம் வீடுகளின் திருமணப் பேச்சிலும், திரைப்படத்திலும், விளம்பரத்திலும் கற்றான். குற்றம் அவனுடையதே; அதில் பங்கு கேட்க நாம் வரவில்லை. ஆயினும் அவன் கையாண்ட விலைப்பட்டியலை அச்சிட்டவர் நாம் என்பதை மறுக்க இயலுமா?

கண் சிமிட்ட இயலாதவர்

முகத்தைப் பொருட்படுத்தாத உலகில் நாம் வாழவில்லை. அரசும் வங்கியும் தொலைபேசி நிறுவனமும் முகத்தைக் கொண்டே ஆளை அறிகின்றன. அமில வீச்சினால் கண்களும் முகமும் சிதைந்த பிரக்யா பிரசூன் என்பவர் 2023ஆம் ஆண்டில் வங்கிக் கணக்குத் தொடங்க முயன்றார். விண்ணப்பிப்பவர் உயிருள்ள ஆளே என்று மெய்ப்பிக்கக் கருவியின் முன் கண் சிமிட்ட வேண்டும் என்றனர். அவரால் சிமிட்ட இயலவில்லை. நேரில் வந்து நிற்பவரை உயிருள்ளவர் என்று ஏற்க மறுத்தது அக்கருவி! அவர் தொடுத்த வழக்கில், பார்வையற்றவர் ஒருவரின் மனுவையும் சேர்த்து, 2025 ஏப்ரல் 30ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மின்னணுச் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்பின் 21ஆம் பிரிவு வழங்கும் வாழ்வுரிமையின் உட்கூறு என்று அறிவித்து, மாற்றுவழிகளை ஏற்படுத்தக் கோரி 20 நெறிமுறைகளை வழங்கியது. "முகத்தில் என்ன இருக்கிறது?" என்று அவரிடம் கேட்டிருந்தால், "என் பெயரும், என் கையொப்பமும், என் பிழைப்பும் இருக்கின்றன" என்றல்லவா விடை வந்திருக்கும்!

சட்டம் மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டது. 2013ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டத் திருத்தம் அமில வீச்சைத் தனிக் குற்றமாக்கி, குறைந்தது 10 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை தண்டனை வகுத்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 124ஆம் பிரிவில் அது தொடர்கிறது. இலட்சுமி என்பவர் தொடுத்த வழக்கில் 2013 ஜூலை 18ஆம் நாள் உச்ச நீதிமன்றம் இட்ட ஆணைப்படி, வாங்குவோரின் அடையாளச் சான்றைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதாமல் கடைகளில் அமிலம் விற்கக் கூடாது. 18 வயது நிரம்பாதோர்க்கு அறவே விற்கக் கூடாது. பாதிக்கப்பட்டோர்க்குக் குறைந்தது 3 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அமில வீச்சுக்கு ஆளானோரையும் உள்ளடக்கியது. முகம் பறிபோனது உண்மையான இழப்பு என்பதை நாட்டின் சட்டம் ஏற்றுக்கொண்டுவிட்டது. நம் பக்தி மட்டும் இன்னும் ஏற்கவில்லை.

பீடமும் முகமும்

திருச்சபையின் கடந்த காலத்தையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 984ஆம் விதி, உடற்குறையினால் பாதுகாப்பாகவோ, உருச்சிதைவினால் தகுந்த முறையிலோ பீடப் பணியாற்ற இயலாதோர் குருத்துவம் பெறத் தடை விதித்தது. முகம் பொருளற்றது என்று இறைமக்களுக்குப் போதித்த காலத்திலேயே, பீடத்தில் நிற்போர்க்கு அது பொருளுடையதாக இருந்தது! 1983ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு அத்தடையைக் கைவிட்டது. திருச்சபை கற்றுக்கொள்ளும் என்பதற்கு இது சான்று, நாமும் கற்றுக்கொள்ளலாம்.

2013ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில், உரோமையின் புனித பேதுரு சதுக்கத்தில், முகமெங்கும் கட்டிகள் படர்ந்த ஒருவரைத் திருத்தந்தை பிரான்சிஸ் அணைத்துக்கொண்ட நிழற்படம் உலகெங்கும் பரவியது. 2025 ஏப்ரலில் மறைந்த அத்திருத்தந்தையின் நினைவோடு அப்படத்தை மீண்டும் பார்ப்போம். பிறர் பார்க்க அஞ்சிய அத்தலையை அவர் தம் மார்போடு சேர்த்துக்கொண்டார், முத்தமிட்டார். முகத்தைக் கடந்து ஆன்மாவைத் தேடி அவர் செல்லவில்லை. அந்த மனிதர் தம் முகத்திலேயே இருந்தார், அங்கேயே அவரைச் சந்தித்தார். நூறு ஆறுதல் மொழிகளைவிட அவ்வொரு செயல் கத்தோலிக்கமானது.

நாம் செய்ய வேண்டுவன

செயலில் இறங்காத கண்டனம் நம் இதழின் பக்கங்களோடு முடிந்துபோகும். ஆகவே சிலவற்றைத் திட்டமாகச் சொல்வோம்.

நம் பங்குகளிலும் மறைமாவட்டங்களிலும் பேணப்படும் திருமணப் பதிவேடுகளில் நிறம் பற்றிய வரி இருக்குமாயின், அதை அடித்துவிடுவோம். பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் நிறத்தைக் கேட்டால், விடை கூற மறுக்கும் துணிவைப் பங்குப் பேரவையும் அன்பியங்களும் பெறட்டும். திருமணத் தயாரிப்பு வகுப்புகளில் இதைப் பற்றி ஒரு மணி நேரமாவது பேசப்படட்டும்.

திருப்பலியில் இறைவாக்கு வாசிக்க ஆளைத் தேடும்போது, தழும்புள்ள முகத்தை நாம் தவிர்க்கிறோமா என்று நம்மையே கேட்போம். கன்னி மரியாவாக வேடமிட நிறமுள்ள சிறுமியையே தேடும் கிறிஸ்து பிறப்பு விழா நாடகங்களை எண்ணுவோம். நம் கல்விக்கூடங்களும் மருத்துவமனைகளும் தீக்காயம் பட்ட ஒருவரை உள்ளறையில் அன்றி வரவேற்பு மேசையில் அமர்த்துமா? அமர்த்தினால், "உள்ளமே முதன்மை" என்று சொல்லும் தகுதி அன்றுதான் நமக்குக் கிட்டும்.

ஊர்க் கடைகளில் கழிவறை கழுவ விற்கும் ஆசிட், பதிவேடும் சான்றும் இன்றிக் கைமாறுகிறதா என்று நம் இளையோர் இயக்கங்கள் கண்காணிக்கட்டும். எவர்மேலேனும் அமிலம் பட்டால் உடனே ஏராளமான தண்ணீரை இடைவிடாது ஊற்ற வேண்டும் என்பதைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்போம். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரு பெண் 'வேண்டா' என்றால் அது முடிவான விடை என்பதை நம் மகன்களுக்கு, அவர்கள் மீசை அரும்பும் முன்னரே, கற்பிப்போம்.

அந்தக் கட்டிலருகே நின்று என்ன பேசுவது என்று கேட்போர்க்கும் ஒன்று சொல்வோம். பேசாதிருக்கலாம். அருகே அமரலாம். அந்த முகத்தைக் கண் விலக்காமல் பார்த்து, பெயர் சொல்லி அழைக்கலாம். பேசியே தீர வேண்டுமெனில், "உமக்குச் செய்யப்பட்டது அநீதி" என்று உண்மையைச் சொல்லலாம். தோட்டத்தில் அழுதுகொண்டிருந்த மகதலா மரியாவிடம் உயிர்த்தவர் மெய்யியல் பேசவில்லை. அவர் பெயரைச் சொன்னார்.

நம் ஊர்ப் பெயருக்குக் காரணம் எதுவாயினும், அதைச் சொல்லும்போதெல்லாம் 'விழி' என்னும் சொல் நம் செவியில் விழுகிறது. திருந்த வேண்டியது சிதைந்த முகங்கள் அல்ல, நம் விழிகளே. உடலின் உயிர்ப்பை நம்புகிறவர்கள் நாம் என்பது உண்மையாயின், காரைக்காலில் அவ்விரவில் அழிக்கப்பட்ட முகத்தை இறைவன் இழந்துவிடவில்லை என்றும் நாம் நம்பக் கடமைப்பட்டுள்ளோம். அவர் அதை ஆன்மாவுக்குத் தேவையற்ற சட்டையாகக் கழற்றி எறியவில்லை. வினோதினியின் முகமாகவே, கேட்டு வாங்க இருக்கிறார். அந்நாளில் நம்மிடமும் ஒரு கேள்வி வரும்: அம்முகத்துக்கு நீங்கள் என்ன விலை வைத்திருந்தீர்கள்?